அவ்வப்போது 504 வருகிறது, அவசரம்!

துணிக்கடை: எங்கள் கடைத் தளம் திடீர் திடீரென்று நின்றுவிடுகிறது. 504 கேட்வே டைம்அவுட் என்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் ஓடும், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கதை. கோடில் கை வைக்கவே இல்லை. ஆடித் தள்ளுபடி நடக்கிறது, ஆர்டர்கள் போகின்றன. யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

முகில்: வெப் சர்வர் அப்பாச்சியா, என்ஜின்எக்ஸா? கோடு பிஎச்பியா, பைத்தானா? ரீஸ்டார்ட் என்றால் எதை?

அட்டவணை: டேட்டாபேஸ்தான். நான் பார்த்த 504 பெரும்பாலும் இன்டெக்ஸ் (தேடலை வேகப்படுத்தும் பட்டியல்) இல்லாத குவெரியில்தான் போய் முடிந்தது. டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் என்றால், தாமதமாகும் குவெரிகளைப் பதிவு செய்யும் ஸ்லோ குவெரி லாகை ஆன் செய்யுங்கள். எவ்வளவு நேரம் தாண்டினால் பதிவாகும் என்கிற லாங்_குவெரி_டைம் இயல்பாக 10 வினாடி, அதை 1 ஆக்குங்கள்.

பழையவர்: தம்பி, அவசரம் என்று எழுதினால் விடை வராது, லாகைப் போட்டால் வரும். 502க்கும் 504க்கும் வித்தியாசம் தெரிந்துகொண்டு சர்வர் நடத்த வேண்டும். 502 என்றால் வெப் சர்வருக்குப் பின்னால் இருக்கும் புரோகிராம் தவறான பதில் தந்தது, 504 என்றால் அது குறித்த நேரத்துக்குள் பதில் தரவில்லை என்று பொருள். ரீஸ்டார்ட் செய்யும்போது தடயமும் சேர்ந்து போய்விடுகிறது.

வேகன்: என்ஜின்எக்ஸில் பின்னாலிருந்து பதில் வரக் காத்திருக்கும் நேரம், ஃபாஸ்ட்சிஜிஐ_ரீட்_டைம்அவுட், இயல்பாக 60 வினாடி. 300 ஆக்குங்கள், போதும்.

பழையவர்: வேண்டவே வேண்டாம். 504 தாமதமாக வரும், அவ்வளவுதான். வாடிக்கையாளர் ஐந்து நிமிடம் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாரா?

வேகன்: மாதக் கணக்கு எடுக்கும் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் ஆகும் சார். அதற்கு என்ன வழி?

பழையவர்: அதைப் பின்னணி வேலையாகப் போட வேண்டும். பிரவுசரைக் காக்க வைக்கக் கூடாது.

அட்டவணை: பிஎச்பி என்றால் எப்படியும் அதன் நேர வரம்பு மேக்ஸ்_எக்சிகியூஷன்_டைம் 30 வினாடியில் நிறுத்திவிடுமே?

முகில்: லினக்ஸில் நிறுத்தாது. டேட்டாபேஸுக்கோ நெட்வொர்க்குக்கோ காத்திருக்கும் நேரம் அந்தக் கணக்கில் சேராது. பலர் இதை நம்பித்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

துணிக்கடை: உபுண்டு, என்ஜின்எக்ஸ், பிஎச்பி-எஃப்பிஎம். பிஎச்பியை ஓட்டும் எஃப்பிஎம்மைத்தான் ரீஸ்டார்ட் செய்கிறேன். சிபியு சும்மாதான் இருக்கிறது. படங்கள் உடனே வருகின்றன, பக்கங்கள்தான் வரவில்லை.

முகில்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் அண்ணா, முக்கியமான தகவல். படத்தை என்ஜின்எக்ஸே நேரடியாகக் கொடுத்துவிடும், எஃப்பிஎம் தேவையில்லை. சிபியுவும் சும்மா இருப்பதால், எஃப்பிஎம்மின் ஒர்க்கர்கள் (ஒவ்வொன்றும் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைக் கவனிக்கும்) எல்லாம் வெளியில் எதற்கோ காத்துக்கிடக்கின்றன என்று நினைக்கிறேன். எஃப்பிஎம் லாகில் மேக்ஸ்_சில்ட்ரன் என்கிற ஒர்க்கர் எண்ணிக்கை எல்லையைத் தொட்டதாக எச்சரிக்கை இருக்கிறதா? உபுண்டுவில் அது இயல்பாக 5தான். தாமதமாகும் கோரிக்கைகளைப் பதிவு செய்ய ரெக்வெஸ்ட்_ஸ்லோலாக்_டைம்அவுட்டை 5 வினாடி என்று வைத்து, ஸ்லோலாக் ஃபைலையும் குறிப்பிடுங்கள். எந்த ஃபைலில் எந்த வரியில் நிற்கிறது என்று அதுவே எழுதிவிடும்.

அட்டவணை: செஷன் பூட்டாகவும் (லாக்) இருக்கலாம். ஒரே ஆள் இரண்டு டேப் திறந்தால் ஒன்று முடியும் வரை மற்றது நிற்கும்.

பழையவர்: அது அந்த ஒரு ஆளைத்தான் நிறுத்தும். இங்கே தளமே நிற்கிறது.

துணிக்கடை: மேக்ஸ்_சில்ட்ரன் எச்சரிக்கை வரிசையாக இருக்கிறது. ஸ்லோலாகில் எல்லாமே வேறு சர்வரைத் தொடர்புகொள்ளும் கர்ல்_எக்சிக், ஆர்டர் எஸ்எம்எஸ் அனுப்பும் ஃபைல்.

முகில்: அதேதான். கர்லுக்கு நாம் சொல்லாவிட்டால் மொத்த நேர வரம்பே கிடையாது, இணைப்புக்கு மட்டும் 300 வினாடி வரை காத்திருக்கும். எஸ்எம்எஸ் நிறுவனத்தின் சர்வர் தூங்கினால் ஐந்து ஆர்டரில் ஐந்து ஒர்க்கரும் மாட்டிக்கொள்ளும், ஆறாவதாக வருபவருக்கு முகப்புப் பக்கம்கூட வராது. நீங்கள் கோடைத் தொடாமலே இது வந்ததற்குக் காரணமும் அதுதான். இணைப்புக்கு 2 வினாடி, மொத்தம் 5 வினாடி என்று வரம்பு வையுங்கள். அப்புறம் எஸ்எம்எஸ்ஸைக் கியூவுக்கு, அதாவது பின்னணியில் வரிசையாக அனுப்பும் முறைக்கு, மாற்றுங்கள்.

வேகன்: மேக்ஸ்_சில்ட்ரனை 50 ஆக்கினால் போதாதா?

பழையவர்: ராம் எவ்வளவு என்று கேட்காமல் 50 என்று சொல்லாதீர்கள். ஒரு ஒர்க்கர் 60 எம்பி எடுத்தால் 50க்கு 3 ஜிபி.

துணிக்கடை: 2 ஜிபிதான். வரம்பு மட்டும் வைத்தேன். மாலையிலிருந்து 504 இல்லை. நன்றி.

முகில்: 5 வினாடியில் அறுந்துபோகும் எஸ்எம்எஸ்களை எங்காவது பதிவு செய்கிறீர்களா? மறுபடி அனுப்ப வேண்டியிருக்குமே.