ஹோவ் என்று பெயர் இருந்தால் போதுமா?

ஊசிமுனை:
அமெரிக்காவின் ஹோவ் குடும்பத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லையே, ஏன்? 1846-ல் தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கிய எலியாஸ் ஹோவ், உள்நாட்டுப் போரில் வடக்குப் படைகள் பாடிய 'குடியரசின் போர்ப்பாடல்' எழுதிய ஜூலியா வார்டு ஹோவ், இரண்டு பேரும் பிறந்தது ஒரே வருஷம், 1819. ரத்தத்தில் ஏதோ இருக்கிறது.

மரப்பாலம்:
எந்த ரத்தம்? ஜூலியா நியூயார்க் வங்கிக்காரர் வார்டின் மகள், 1843-ல் பாஸ்டன் டாக்டர் சாமுவேல் ஹோவைக் கட்டிக்கொண்டதால் வந்த பெயர் அது. வீட்டுக்காரருக்கு மனைவி எழுதுவதே பிடிக்காது. முதல் கவிதைத் தொகுப்பைப் பெயர் போடாமல்தான் வெளியிட்டார், விஷயம் தெரிந்ததும் அவருக்கு ஆத்திரம். இதில் ஹோவ் குடும்பத்துக்கு என்ன பெருமை?

ஊசிமுனை:
சரி, ஜூலியாவை விடுங்கள். எலியாஸின் சித்தப்பா வில்லியம் 1840-ல் பாலத்தைத் தாங்கும் ஒரு சட்டக அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார்: சாய்வுக் கட்டைகள் மரம், செங்குத்தாக நிற்பவை இரும்புக் கம்பிகள், மரம் காய்ந்து சுருங்கித் தளர்ந்தால் நட்டை முறுக்கி இறுக்கிவிடலாம். ரயில்வேக்காரர்கள் விடுவார்களா? இன்னொரு சித்தப்பா டைலர், ஸ்பிரிங் கட்டில் செய்தவர். ஒரே வீட்டில் மூன்று பேர், இது தற்செயலா?

மரப்பாலம்:
தற்செயல் இல்லை, தொழில். மாசசூசெட்ஸில் ஸ்பென்சர் என்ற ஊரில் அவர்களுக்கு மர அறுவை மில்லும் மாவு மில்லும் இருந்தன. எலியாஸ் சின்ன வயசிலேயே அங்கே வேலை பார்த்தவர், அப்புறம் லோவல் நெசவு மெஷின் தொழிற்சாலை, 1837 பொருளாதார நெருக்கடியில் அந்த வேலை போய் பாஸ்டனில் ஒரு கருவிப் பட்டறை. இப்படி வளர்ந்தவன் கை சும்மா இருக்குமா?

வழிப்போக்கன்:
நடுவில் ஒன்று. முனைப் பக்கம் காது வைத்த ஊசி, கீழே ஓடும் இரண்டாவது நூல், இதை எலியாஸுக்கு முன்பே 1830-களில் வால்டர் ஹன்ட் செய்துவிட்டார், காப்புரிமைதான் வாங்கவில்லை. இன்னொரு தையல் மெஷின்காரரான சிங்கர், எலியாஸ் தன்மேல் போட்ட காப்புரிமை வழக்கில் அதைத்தான் பிடித்துக்கொண்டார், 1854-ல் தோற்றார். ரத்தத்தைவிட வக்கீல் முக்கியம்!

ஊசிமுனை:
கிடப்பில் போட்டவருக்கும் விடாப்பிடியாக நின்றவருக்கும் வித்தியாசம் இல்லையா? அந்தப் பிடிவாதம்தான் குடும்பச் சொத்து என்கிறேன்.

மரப்பாலம்:
அப்படியென்றால் ஜூலியாவின் மகள்கள் லாரா, மாட் இருவரும் அம்மாவின் வாழ்க்கை வரலாறு எழுதி 1917-ல் புலிட்சர் பரிசு வாங்கினார்களே, வாழ்க்கை வரலாற்றுக்கான முதல் புலிட்சரே அதுதான், அது எந்தக் குடும்பக் கணக்கு? மனைவி எழுதுவதே பிடிக்காத அந்த அப்பாவுக்கா?