டெக்ஸ் வில்லர் நவஹோவா, இல்லையா? (வாசகசாலைப் பட்டியல் பற்றி)

இரவுக்கழுகு_கொழிஞ்சாம்பாறை | காலை 7:10
மூணாறு மலர் டீச்சர் நேற்று போட்ட பட்டியலைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கமே இல்லை. பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் ஊர் வாசகசாலையில் பிள்ளைகளுக்குக் காமிக்ஸ் வாங்க எட்டாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். கமிட்டியில் நானும் இருக்கிறேன். சிறுபான்மையினர், கறுப்பர், தலித், அகதி என்று எல்லா வகை ஆட்களும் நாயகர்களாக வரும் புத்தகமாகச் சொல்லுங்கள் என்று இங்கே கேட்டோம். டீச்சர் ஆறு சொன்னார்: மிஸ் மார்வெல், பீமாயனா, பெர்செபொலிஸ், மௌஸ், பிளாக் பேந்தர், மார்ச். சரி, இருக்கட்டும். கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறார் பாருங்கள்: "டெக்ஸ் வில்லர் மாதிரி வெள்ளைக்கார கௌபாய்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்."

வெள்ளைக்கார கௌபாயாம்! டெக்ஸ் அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோக்களின் தலைவர். 1948-ல் இத்தாலியில் பொனெல்லி எழுதி கல்லெப்பினி வரைந்து தொடங்கிய கதை. கம்பத்தில் கட்டிக் கொல்ல இருந்தவரை, தலைவரின் மகள் லிலித் கல்யாணம் கட்டிக் காப்பாற்றுகிறாள். மாமனாருக்குப் பிறகு இவர்தான் தலைவர். அந்த மக்கள் வைத்த பெயர்தான் இரவுக்கழுகு. என் பெயரைப் பார்த்தாவது டீச்சருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டாமா?

மலர்_மூணாறு | 7:42
வணக்கம் அண்ணே. விடிந்ததும் விடியாததுமாக என் பட்டியல்தானா? டெக்ஸை நானும் படித்திருக்கிறேன். அவர் நவஹோக்களுக்குத் தலைவர். அதனால் நவஹோ ஆகிவிடுவாரா? எங்கள் எஸ்டேட்டில் துரையும் ஒரு காலத்தில் எங்கள் தாத்தாக்களுக்குத் தலைவர்தான். துரையை லயத்துக்காரர் என்று யாரும் சொன்னதில்லை.

இரவுக்கழுகு_கொழிஞ்சாம்பாறை | 7:44
துரை லயத்தில் பெண் எடுத்தாரா? டெக்ஸ் எடுத்தார்.

செங்கோட்டை_சுடலை | 7:58
காலையிலேயே பெண் எடுக்கிற பேச்சா அண்ணாச்சி! நான் ஒன்று சொல்கிறேன், காமிக்ஸ் நாயகி மாடஸ்டி பிளைஸியைச் சேருங்கள். 1984-ல் தமிழில் லயன் காமிக்ஸ் தொடங்கியபோது முதல் புத்தகமே அவள் கதைதான். சொந்த ஊர் எது, பெற்றோர் யார் என்று அவளுக்கே தெரியாது. அகதி முகாமிலிருந்து ஓடி வந்த பிள்ளை. கூடவே நடந்த ஒரு கிழவர்தான் படிப்பும் சொல்லிக் கொடுத்துப் பெயர் வைக்கவும் வழி செய்கிறார். அகதிக் கதை என்று வெளியே தேடுகிறோம், நம் பெட்டியிலேயே இருக்கிறது.

நகரி_நாகு | 8:05
எல்லாருக்கும் வணக்கம். இதில் எது தெலுங்கில் கிடைக்கும்? எங்கள் தறித்தெருவில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது தமிழ், எழுத்துக்கூட்டுவது தெலுங்கு.

இரவுக்கழுகு_கொழிஞ்சாம்பாறை | 8:31
சுடலை, மாடஸ்டி அப்புறம். முதலில் இது முடியட்டும்.

டீச்சர், லிலித் எப்படிச் செத்தாள் என்று தெரியுமா? அம்மைக் கிருமி ஒட்டிய போர்வைகளை வெள்ளைக்கார வியாபாரிகள் அந்த மக்களிடம் விற்றார்கள். அதில் செத்தாள். டெக்ஸ் ஒவ்வொருவனாகத் தேடிப் போய்க் கணக்குத் தீர்த்தார். சிறுவனாக அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பழங்குடிகளுக்கு இப்படியெல்லாம் நடந்தது என்று எங்களுக்குச் சொன்னது எந்தப் பாடப்புத்தகம்? அவர் மகன் கிட் பாதி நவஹோ. கூட்டாளி டைகர் ஜாக் முழு நவஹோ. இன்னும் எத்தனை நவஹோ வேண்டும் உங்களுக்கு?

மலர்_மூணாறு | 9:15
முதல் பீரியட் முடிந்து வந்தேன். டைகர் ஜாக் கூட வருகிறார், தடம் பார்க்கிறார், மண்ணை முகர்ந்து "மூன்று குதிரை" என்கிறார். அட்டையில் யார்? டெக்ஸ்.

பழைய மாண்ட்ரேக் கதைகளிலும் இதே கூத்துதானே. மாண்ட்ரேக்கின் ஆப்பிரிக்கக் கூட்டாளி லொதார் ஏழு தேசங்களின் இளவரசன். ஆனால் 1934-ல் தொடங்கியபோது சிறுத்தைத் தோலைச் சுற்றிக்கொண்டு, கொச்சை இங்கிலீஷ் பேசிக்கொண்டு, கோட்டுப் போட்ட மந்திரவாதி பின்னால் நடந்தார். 1965-ல் பிரெட் பிரெடரிக்ஸ் வரைய வந்த பிறகுதான் அந்த மனிதருக்கு மரியாதையான உடுப்பும் பேச்சும். இளவரசனுக்கே சட்டை கிடைக்க முப்பது வருடம்!

மிஸ் மார்வெலை ஏன் முதலில் வைத்தேன் என்று கேளுங்கள். கமலா கான் ஜெர்சி சிட்டியில் இருக்கும் பாகிஸ்தானிக் குடும்பத்துப் பெண், பதினாறு வயது. கதை தொடங்கும்போதே, கடையில் பன்றிக்கறி சாண்ட்விச்சை முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். தின்ன மாட்டாள், மார்க்கத்துக்கு ஆகாது. மணம் மட்டும் வேண்டும். வகுப்பில் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் அங்கேயே நிறுத்திவிட்டான். "டீச்சர், இவள் ஊரார் சாப்பாட்டை மோந்து பார்க்கிறாள். நான் கருவாடு கொண்டு வந்தால் யாரும் மோந்துவிடக் கூடாது என்று மூடியை அரை இஞ்ச் மட்டும் திறந்து தின்கிறேன்" என்றான். டெக்ஸ் கதையில் அவன் எந்தப் பக்கத்தில் நிற்பான், சொல்லுங்கள்.

இரவுக்கழுகு_கொழிஞ்சாம்பாறை | 9:21
அழகாகத்தான் எழுதுகிறீர்கள். ஆனால் அந்த மிஸ் மார்வெலை எழுதியவர் யார்? வில்லோ வில்சன். வெள்ளைக்கார அமெரிக்கர், பின்னால் இஸ்லாத்துக்கு மாறியவர். மதம் மாறியவர் எழுதினால் சேர்த்தி, கல்யாணம் கட்டித் தலைவரானவர் சேர்த்தி இல்லை. நல்ல நியாயமுங்க.

மலர்_மூணாறு | 9:24
அவர் எழுத்தாளர் அண்ணே. கதாபாத்திரம் இல்லை. பட்டியல் கதாபாத்திரங்களுக்கு. போதாததற்கு, அந்த யோசனையே சனா அமானத் என்ற மார்வெல் பதிப்பாசிரியர் தன் சின்ன வயதைப் பற்றிப் பேசியதிலிருந்து வந்தது. பாகிஸ்தானிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். 2015-ல் ஹியூகோ விருதும் அந்தத் தொகுப்புக்குக் கிடைத்தது.

இரவுக்கழுகு_கொழிஞ்சாம்பாறை | 9:25
விருது கேட்கவில்லை. டெக்ஸ் நவஹோவா இல்லையா?

பாலக்காடு_ராஜி | 10:40
இரண்டு பேருக்கும் ஒரு வேண்டுகோள். பட்டியல் முடிந்ததும் எனக்கும் அனுப்புங்கள். சித்தூர் தாலுக்காவில் தமிழ் மீடியம் பள்ளி இரண்டுக்குக் கேட்கிறார்கள்.

நகரி_நாகு | 10:46
சித்தூருக்கா! அக்கா, எந்தப் பள்ளி? எங்கள் மாவட்டம்தானே. தெலுங்குப் பதிப்பு இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.

பாலக்காடு_ராஜி | 10:49
தம்பி, இது பாலக்காட்டுச் சித்தூர்.

நகரி_நாகு | 10:52
சித்தூர் என்றால் ஆந்திரா சித்தூர்தான். உங்களுடையதுக்கு முன்னால் பாலக்காடு என்று போட வேண்டும்.

பாலக்காடு_ராஜி | 10:53
நாங்கள் ஏன் போட வேண்டும்? நீங்கள் ஆந்திரா என்று போடுங்கள்.

செங்கோட்டை_சுடலை | 11:02
1956 வரை நாங்களும் மலையாளத்துக்காரர்கள் கணக்கில்தான் இருந்தோம், யாரும் எங்களுக்கு முன்னால் எதையும் போடச் சொன்னதில்லை. அது இருக்கட்டும். இரவுக்கழுகு அண்ணாச்சி, ஒரு சின்ன விஷயம். பத்து வருடத்துக்கு முன் என்னிடம் ஒரு டெக்ஸ் தீபாவளி மலர் வாங்கினீர்களே, நினைவிருக்கிறதா? திரும்பி வந்தபோது முன்னட்டை இல்லை.

இரவுக்கழுகு_கொழிஞ்சாம்பாறை | 11:20
அந்த அட்டை வரும்போதே தொங்கிக்கொண்டுதான் இருந்தது. இப்போது அந்தப் பேச்சு எதற்கு?

மலர்_மூணாறு | 11:22
சுடலை அண்ணே, அந்த அட்டையில் யார் இருந்தது? டைகர் ஜாக்கா?

செங்கோட்டை_சுடலை | 11:23
டெக்ஸ்தான் டீச்சர்.

மலர்_மூணாறு | 11:23
சும்மா கேட்டேன்.

கஞ்சிக்கோடு_காமிக்ஸ்_பையன் | பகல் 1:15
முகமூடி வீரர் வேதாளர் (ஃபேண்டம்) கணக்கு என்ன ஆகும் அப்போ? இருபத்தொரு தலைமுறையாகக் காட்டில் இருக்கிறார், பந்தர்கள் என்ற காட்டு மக்கள் அவரைக் கும்பிடுகிறார்கள். டெக்ஸ் நவஹோ என்றால் வேதாளர் ஆப்பிரிக்கரா? 😂 பிளாக் பேந்தரை விட்டுவிடாதீர்கள், 1966-லேயே கர்பி வரைந்துவிட்டார். அவன் நாட்டுக்கு அவனே ராஜா, இரவல் தலைவர் கிடையாது.

இரவுக்கழுகு_கொழிஞ்சாம்பாறை | 1:32
தம்பி, வேதாளர் வேறு. அவர் கடலில் ஒதுங்கிய வெள்ளைக்காரர் வம்சம். வெளியே இருந்து வந்து, அந்தக் காட்டு மக்களுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து...

மலர்_மூணாறு | 1:33
முடியுங்கள் அண்ணே. டெக்ஸ் எங்கிருந்து வந்தார்?

இரவுக்கழுகு_கொழிஞ்சாம்பாறை | 1:50
டெக்சாஸிலிருந்து. ஆனால் அவருக்கு அந்த மக்களின் ரத்தத்தில் ஒரு மகன் இருக்கிறான். வேதாளருக்கு அப்படி இல்லை. தவிர அது நவஹோ, நேற்று ஒருவர் எழுதிய மாதிரி நவாஜோ இல்லை.

பாலக்காடு_ராஜி | 2:04
நான்தான் எழுதினேன். இங்கிலீஷில் ஜே இருக்கிறது.

இரவுக்கழுகு_கொழிஞ்சாம்பாறை | 2:05
ஸ்பானிஷ் உச்சரிப்பில் ஹ. நாற்பது வருடம் டெக்ஸ் படித்தவனிடம் உச்சரிப்புச் சொல்ல வேண்டாம்.

மலர்_மூணாறு | மாலை 4:40
பள்ளி விட்டாயிற்று, இனி நிதானமாகப் பதில் சொல்லலாம். பீமாயனா பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லையே என்று வருத்தம். 2011-ல் வந்தது. அம்பேத்கரின் சின்ன வயதில் தண்ணீர் கிடைக்காத அந்தப் பயணம்தான் தொடக்கம். வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற பர்தான் கோண்டு ஓவியர்கள். பேச்சு பலூனைப் பாருங்கள் முதலில். நல்ல மனிதர் பேசினால் பலூன் பறவை வடிவில் இருக்கும். கொட்டுகிற பேச்சுக்குத் தேள் கொடுக்கு இருக்கும். பிள்ளைகளிடம் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, "இதில் யார் கெட்டவர்" என்று கேட்டேன். எழுத்தைப் படிக்காமலே விரலை வைத்தார்கள். பழங்குடி ஓவியர்கள் தாங்களே வரைந்த கதை இது. பழங்குடிகளைப் பற்றி ரோமிலோ மிலானிலோ உட்கார்ந்து யாரோ வரைந்தது இல்லை. என் கணக்கு அவ்வளவுதான்.

இரவுக்கழுகு_கொழிஞ்சாம்பாறை | 5:12
பீமாயனா நானும் புரட்டினேன். கட்டமே இல்லை. கட்டம் இல்லாமல் அது எப்படி காமிக்ஸ்? கோலம் மாதிரி சுற்றிக்கொண்டு போகிறது. நன்றாக இல்லை என்று சொல்லவில்லை, தேள் கொடுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. வாங்குவோம், யார் வேண்டாம் என்றார்கள். ஆனால் மிலானில் வரைந்தால் பேசக்கூடாது என்றால், மௌஸில் யூதர்களை எலியாக வரைந்தாரே, அவர் என்ன எலியா?

மலர்_மூணாறு | 5:15
மௌஸ் வரைந்த ஸ்பீகல்மனின் அப்பா நாஜிகளின் ஆஷ்விட்ச் முகாமில் இருந்து தப்பித்தவர். வீட்டுக் கதையைத்தான் வரைந்தார். நீங்கள் சொல்வது எனக்குச் சாதகமாகத்தான் போகிறது.

கஞ்சிக்கோடு_காமிக்ஸ்_பையன் | 5:19
1 - 0

இரவுக்கழுகு_கொழிஞ்சாம்பாறை | 5:20
கோல் கணக்குப் போட இது செவன்ஸ் மைதானம் இல்லை தம்பி. நீ பிறப்பதற்கு முன்னால் பொள்ளாச்சி பழைய பேப்பர் கடையில் எடை போட்டு காமிக்ஸ் வாங்கியவன் நான். கிலோ இரண்டு ரூபாய். சைக்கிளில் கட்டிக்கொண்டு கோபாலபுரம் செக்போஸ்ட் வந்தால், மூட்டையில் அரிசியா என்று பிரித்துப் பார்ப்பார்கள். உள்ளே டெக்ஸ் இருப்பார். போலீஸ்காரர் ஒருவர் நின்றபடியே இரண்டு பக்கம் படித்துவிட்டுத்தான் விட்டார். மலையாளி அவர், தமிழ் எழுத்தே தெரியாது, படம் பார்த்தார். தலைப்பட்டையைக் காட்டி "இவன் ஆதிவாசி ராஜாவா?" என்று கேட்டார். அவருக்குத் தெரிந்தது டீச்சருக்குத் தெரியவில்லை.

பாலக்காடு_ராஜி | 6:30
எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. நவஹோ யார் என்று காலையிலிருந்து சண்டை. கொழிஞ்சாம்பாறையிலும் மூணாற்றிலும் நாம்தானே மொழிச் சிறுபான்மை. ரேஷன் கடைப் போர்டைப் படிக்கப் பக்கத்து ஆளைக் கூப்பிடுகிற என் அம்மா மாதிரி ஒருத்தி வருகிற படக்கதை உண்டா?

செங்கோட்டை_சுடலை | 6:41
நல்ல கேள்வி.

இரவுக்கழுகு_கொழிஞ்சாம்பாறை | 6:44
நல்ல கேள்விதான். அதற்குத்தான் சொல்கிறேன், இருப்பதை வெட்டாதீர்கள் என்று. டெக்ஸ் நவஹோ ரிசர்வேஷனுக்கு, அதாவது அவர்களுக்கென்று ஒதுக்கிய நிலப்பகுதிக்கு, ஏஜெண்டும்கூட. அரசாங்கத்திடம் அவர்களுக்காகச் சண்டை போடுகிறவர். அம்மாவுக்கு ரேஷன் கார்டு வாங்கித் தருகிற ஆள் அவர்தான்.

மலர்_மூணாறு | 6:52
பார்த்தீர்களா, அம்மா வரிசையில் நிற்கிறார், டெக்ஸ் வந்து வாங்கித் தருகிறார். அட்டையில் யார்?

கமலாவுக்குச் சக்தி வந்ததும் முதலில் பொன்னிற முடி வைத்த வெள்ளைக்காரியாகத்தான் மாறுகிறாள். அப்படி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தவள். மாறிய பிறகு அந்த உடம்பும் உடுப்பும் அவளுக்கு ஒட்டவில்லை. பிறகு அவளே தைத்துக்கொண்ட உடுப்பு, நீச்சலுக்கு வாங்கிய புர்கினியிலிருந்து. டெக்ஸ் ஒரு நாளாவது அந்தத் தலைப்பட்டை உறுத்துகிறது என்று சொன்னாரா?

இரவுக்கழுகு_கொழிஞ்சாம்பாறை | 6:55
ஏன் உறுத்தும்? அவருடைய பட்டை. அவர் நவஹோ.

நகரி_நாகு | 8:20
தெலுங்கு பற்றிக் காலையில் ஒன்று கேட்டிருந்தேன்.

பாலக்காடு_ராஜி | 8:22
முதலில் ஆந்திரா சித்தூர் என்று எழுதுங்கள், பார்க்கலாம்.

கஞ்சிக்கோடு_காமிக்ஸ்_பையன் | 8:35
எட்டாயிரத்தில் ஆறு இங்கிலீஷ் புத்தகம் வாங்கினால் மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று யாராவது பார்த்தீர்களா? பழையதாக வாங்கினால்கூட இழுக்கும்.

இரவுக்கழுகு_கொழிஞ்சாம்பாறை | 8:37
அதுதான் நானும் சொல்கிறேன். டெக்ஸ் விலை குறைவு, தமிழில் இருக்கிறது, நவஹோ.

மலர்_மூணாறு | 9:05
விலை குறைவு, தமிழில் இருக்கிறது, இரண்டும் சரி. தனி அலமாரியில் வையுங்கள், நானே இரண்டு தருகிறேன். இந்தப் பட்டியலில் வேண்டாம். நாளைக்குக் காலை பரீட்சைத்தாள் திருத்த வேண்டும், நான் படுக்கிறேன்.

இரவுக்கழுகு_கொழிஞ்சாம்பாறை | 9:50
டீச்சர் படுத்துவிட்டார் என்று யாரும் முடிந்ததாக நினைக்க வேண்டாம். பரணில் ஏறி மூன்று பெட்டி இறக்கியிருக்கிறேன். நவஹோ பெரியவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்க, நடுவில் தலைப்பட்டையோடு டெக்ஸ் பேசுகிற பக்கம் ஒன்று இருக்கிறது. நாளை காலை ஏழு மணிக்குப் படம் எடுத்துப் போடுகிறேன். அதைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

செங்கோட்டை_சுடலை | 9:58
அந்தப் பெட்டியில் ஒரு முன்னட்டை கிடந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள் அண்ணாச்சி.