ஃபெயனூர்ட் நூற்றாண்டுப் போட்டிக்கு இந்த மூன்று அணிகளை ஏன் கூப்பிட்டார்கள்?

ஸ்பர்ஸ்_பைத்தியம்:
ரொம்ப நாள் சந்தேகம். 1908-ல் தொடங்கிய நெதர்லாந்துக் கால்பந்து அணி ஃபெயனூர்ட், நூறு வருடம் ஆனதற்கு 2008 ஆகஸ்டில், சீசன் தொடங்கும் முன், தன் ஊரான ரோட்டர்டாமில் ஒரு அழைப்புப் போட்டி நடத்தியதே, அதற்கு இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் (எங்கள் ஸ்பர்ஸ்), ஸ்காட்லாந்தின் செல்டிக், ஜெர்மனியின் டார்ட்மண்ட் மூன்றையும்தான் கூப்பிட்டார்கள். நூற்றாண்டு விழா என்றால் ரியல் மாட்ரிட், மிலான் என்று பெரிய இடத்துக்கு அல்லவா பத்திரிகை வைப்பார்கள்? கோப்பையை எங்கள் ஆட்கள்தான் தூக்கினார்கள், அதனால் எனக்கு வருத்தமில்லை, சும்மா கேட்கிறேன்.

கார்னர்கொடி:
வருத்தப்பட வேண்டிய ஆளே நீங்கள்தான் :) ஃபெயனூர்ட் ஐரோப்பிய அளவில் ஜெயித்த பெரிய கோப்பைகள் மொத்தம் மூன்று. 1970-ல் மிலானில் செல்டிக்கை 2-1 என்று கூடுதல் நேரத்தில் சாய்த்தார்கள், ஷிண்ட்வால் 117-வது நிமிடத்தில் அடித்த கோல், ஐரோப்பியக் கோப்பை (இப்போதைய சாம்பியன்ஸ் லீக்) நெதர்லாந்துக்கு வந்ததே அதுதான் முதல் முறை. 1974-ல் அதற்கு அடுத்த நிலைப் போட்டியான யூஈஎஃப்ஏ கோப்பையின் இறுதியில் லண்டனில் 2-2, ரோட்டர்டாமில் 2-0, தோற்றது உங்கள் டாட்டன்ஹாம். 2002-ல் அதே கோப்பை, இந்த முறை டார்ட்மண்ட், 3-2. இப்போது விருந்தாளிப் பட்டியலை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள்.

ஸ்பர்ஸ்_பைத்தியம்:
அடப்பாவிகளா! அடித்தவனே கூப்பிட்டு விருந்தும் வைத்திருக்கிறான்.

பழைய_பந்து:
2002 இறுதிப் போட்டி நடந்ததும் அவர்கள் சொந்த மைதானமான டி கைப்பில்தான். ஃபான் ஹோய்டோங்க் பெனால்டியில் ஒன்று, ஃப்ரீ கிக்கில் ஒன்று, அப்புறம் தொமாசன் ஒன்று. டார்ட்மண்டின் தடுப்பாட்டக்காரர் யூர்கன் கோலர் 31-வது நிமிடத்திலேயே சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார், அதுவே அவருடைய கடைசி ஆட்டம், பாவம். ஆனால் இரண்டு நாள் முன்புதான் ரோட்டர்டாம்காரரான அரசியல்வாதி பிம் ஃபோர்டவுனைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள், ஊரே இறுகிப் போயிருந்தது, ஜெயித்தும் முறையாகக் கொண்டாட முடியவில்லை. 2008-ல் டார்ட்மண்டைத் திரும்ப அதே புல்லில் பார்த்தபோது அந்த ஊர்க்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

கார்னர்கொடி:
அந்த முறை டார்ட்மண்டோடு வந்த பயிற்சியாளர் யார் தெரியுமா, பின்னாளில் லிவர்பூலில் பெயரெடுத்த க்ளோப். இன்னொரு ஜெர்மன் அணியான மைன்ட்ஸிலிருந்து வந்து சேர்ந்து சில வாரம்தான் ஆகியிருந்தது.

மூணு_பாயிண்ட்:
ப்ரீசீசன் கோப்பையைத் தூக்கியதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள், அதற்குப் பிறகு லீக்கில் நடந்ததையும் சொல்லுங்களேன். முதல் எட்டு ஆட்டத்தில் இரண்டே புள்ளி, கடைசி இடம், அக்டோபரில் டாட்டன்ஹாம் பயிற்சியாளர் ராமோஸை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு வந்த ரெட்நாப் எத்தனை காலம் அந்த எட்டு ஆட்டம், இரண்டு புள்ளிக் கதையையே சொல்லிக்கொண்டு திரிந்தார்! விழா நடத்திய ஃபெயனூர்டும் உருப்படவில்லை, புதிதாக வந்த பயிற்சியாளர் ஃபெர்பேக்கை ஜனவரியிலேயே தூக்கிவிட்டார்கள்.

ஸ்பர்ஸ்_பைத்தியம்:
அதை ஞாபகப்படுத்தத்தான் வேண்டுமா? சரி, கேட்டது என் தப்பு. இருந்தாலும் 1974-க்கு 34 வருடம் கழித்து அதே ஊரில் ஒரு கோப்பை, அதை நான் கணக்கில் வைத்துக்கொள்வேன்.