கடல் சாமந்தி வாடினால்: உங்கள் அனுபவம் என்ன?

கீழக்கரைக்காரன்:
வாய் பிளந்து, உடம்பெல்லாம் சுருங்கி எங்கள் கடல்நீர் மீன்தொட்டியின் பாறையிடுக்கில் கிடந்தது. முந்தின நாள் இறால் துண்டை வாங்கித் தின்ற அதே கடல் சாமந்தி; பூப்போல் விரியும் கடல் உயிரி. படம் பார்த்த கடைக்காரர், "செத்துவிட்டது, உடனே எடுங்கள், இல்லையென்றால் மீன்களும் போய்விடும்" என்றார். அண்ணன் கையுறை போட்டு இழுத்தார், வரவில்லை. அதில் குடியிருந்த கோமாளி மீன்கள் இரண்டும் அவர் விரலைக் கொத்தின. கரண்டியால் பெயர்த்து வாளியில் போட்டார். வாளிக்குள் அதன் கைகள் மெல்ல நீண்டன! அடிப்பாகம் கிழிந்துபோயிருந்தது, பிழைக்கவில்லை. அந்தக் கைகள் நீண்டதை மறக்க முடியவில்லை. உயிர் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?

வேதாளை மச்சான்:
மூக்கு சொல்லிவிடும். செத்தது அழுகிக் கரையும், நாற்றம் குடலைப் புரட்டும். பாறையைப் பிடித்திருந்தால் உயிர் இருக்கிறது. கழிவை வெளியேற்றக்கூட அது சுருங்கும், சில மணி நேரத்தில் விரிந்துவிடும். கடைக்காரர் சொன்னது அநியாயம்.
எங்கள் அக்கா வீட்டுத் தொட்டியில் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தது. வெயிலில் தண்ணீர் குறையும்போதெல்லாம் அத்தான் கேனில் கடல் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தானே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். உப்பைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தால் 1.032, இருக்க வேண்டியது 1.025 அருகில்! குறைந்த அளவை ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்பி, உப்பைப் பல நாட்களில் படிப்படியாக இறக்கிய பிறகுதான் விரிந்தது.

உச்சிப்புளி வாசகி:
வேதாளைக்காரரே, கடல் தண்ணீர்மேல் பழி போடாதீர்கள். எங்கள் தொட்டி முழுவதும் கடல் தண்ணீர்தான். எந்தக் கடல், எந்தக் காற்று என்று பார்த்து எடுக்க வேண்டும். வாடைக்காற்றில் வடகடல் (பாக் விரிகுடா) கலங்கிக் கிடக்கும், தென்கடலில் (மன்னார் வளைகுடா) எடுக்கலாம். சோழகம் என்ற தென்காற்றில் மாற்றிக்கொள்ள வேண்டும். 2019-இல் பூங்கோரை, அதாவது கடலைப் பச்சையாக்கும் நுண்ணுயிர், படர்ந்து மண்டபம் பக்கம் மீன்கள் செத்து ஒதுங்கியது நினைவிருக்கிறதா? அந்த நேரத்தில் தெரிந்த ஒருவர் பச்சை நிறத் தண்ணீரை வடிகட்டித் தம் தொட்டியில் ஊற்றினார். மாலைக்குள் சாமந்தி வாயை வெளியே பிதுக்கிவிட்டது. அதைப் பார்த்த நாளிலிருந்து வாளியை மோந்து பார்க்காமல் நான் தண்ணீர் எடுப்பதில்லை.

வேதாளை மச்சான்:
தண்ணீர் மாற்றுவது வேறு, ஆவியானதை நிரப்புவது வேறு. நான் சொன்னது இரண்டாவதை.

பரமக்குடி ஆசிரியர்:
என் உறவினர் தொட்டியில் மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. காப்பர் மருந்து ஊற்றினார்கள். மீன்கள் தேறின, சாமந்தி கரைந்தது. அவ்வளவுதான் என் கதை.
ஆனால் எல்லோருக்கும் சொல்கிறேன். முதுகெலும்பில்லாத உயிர் இருக்கும் தொட்டியில் காப்பர் கூடவே கூடாது. மருந்து கொடுக்க வேண்டுமென்றால் மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். சாமந்தி வாடினால் முதலில் அம்மோனியா, நைட்ரைட் பாருங்கள். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். உப்பு 1.025 அருகில், வெப்பம் 25 முதல் 27 டிகிரிக்குள். நம் ஊர்க் கோடையில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லையென்றால் மின்விசிறி வையுங்கள், ஆனால் ஆவியாவதும் கூடும், நல்ல தண்ணீர் தயாராக இருக்கட்டும். தண்ணீரைச் சுழற்றும் மோட்டாரான பவர்ஹெட்டுக்கு வலை கட்டுங்கள், நகரும் சாமந்தி அதில் சிக்கிக் கிழியும். புதுத் தொட்டியில் வைக்கவே வேண்டாம், ஆறு மாதமாவது ஓடட்டும். வெளுத்துப்போனது என்றால் அதன் உடலில் வாழ்ந்து உணவு தரும் பாசி போய்விட்டது என்று பொருள். ஒளியைத் திடீரென்று கூட்டாமல், இறாலைப் பொடியாக நறுக்கிக் கொடுத்துத் தேற்றுங்கள். கடையில் பளிச்சென்று வெள்ளையாக இருப்பதைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள், அது நோயாளி.

பாம்பன் முத்து:
2016-இல் மன்னார் வளைகுடாவில் பவளமே வெளுத்தது. சூட்டில் கடலே அப்படி ஆனது, தொட்டி எம்மாத்திரம்? ஒரு வேண்டுகோள்: செத்ததற்குப் பதிலாகத் தீவுப் பக்கம் பெயர்த்துவரச் சொல்லிச் சிலர் எங்களிடம் பணத்தோடு வருகிறார்கள். 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. ஒருவர் நான் மறுத்த பிறகும் படகுக்கு அருகில் வெகுநேரம் நின்றார். அவர் கையில் இருந்தது உளி.

கீழக்கரைக்காரன்:
முத்து அண்ணே, நான் கேட்கப் போவதில்லை. பரமக்குடி ஐயா, காப்பர் ஊற்றிய தொட்டியின் பாறைகளைக் கழுவி மறுபடி பயன்படுத்தலாமா? என் நண்பர் தருவதாகச் சொல்கிறார்.

பரமக்குடி ஆசிரியர்:
வாங்காதீர்கள். சுண்ணாம்புப் பாறை காப்பரை உறிஞ்சி வைத்து மெல்ல விடும், கழுவினால் போகாது.