தம்பியின் ஸ்டீம் கணக்கைப் பாதுகாக்க ஆலோசனை தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

என் தம்பியின் நண்பர் பட்டியலில் வெகுநாளாக இருக்கும் ஒருவரின் ஸ்டீம் (கணினி விளையாட்டுகளை வாங்கி விளையாடும் தளம்) கணக்கிலிருந்து, "மன்னிச்சிடு, வேறொருத்தர் மேல கொடுக்க வேண்டிய புகாரை உன் மேல கொடுத்துட்டேன், உடனே இந்த அட்மின்கிட்ட பேசு, இல்லேன்னா உன் கணக்கை முடக்கிடுவாங்க" என்று செய்தி வந்தது. டிஸ்கார்ட் என்ற உரையாடல் செயலியில் ஸ்டீம் அட்மினாகப் பேசியவர், சரிபார்ப்புக்காக என்று கூறி, ஓர் இணைப்பின் வழியே அவனை உள்நுழைய வைத்து, பிறகு கணக்கின் மின்னஞ்சல் முகவரியையும் மாற்றச் சொன்னபோதுதான் அவன் என்னிடம் வந்தான். ஸ்டீம் ஊழியர்கள் டிஸ்கார்டில் பயனர்களைத் தொடர்புகொள்வதில்லை என்பதைப் பயந்துபோன சிறுவனால் யோசிக்க முடியாது. அந்தப் பயத்தை நம்பியே இவர்கள் வலை விரிக்கிறார்கள்.

கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் கணக்கை வெளியேற்றிவிட்டோம். அவன் உருவாக்காத வெப் ஏபிஐ சாவி (வெளி நிரல்கள் கணக்கை அணுகப் பயன்படும் குறியீடு) ஒன்றும் கணக்கில் இருந்தது. அதை வைத்திருப்பவர், நாம் அனுப்பும் விளையாட்டுப் பொருள் பரிமாற்றத்தை ரத்துசெய்துவிட்டு, நண்பரின் பெயரும் படமும் கொண்ட போலிக் கணக்கிலிருந்து அதே போன்ற கோரிக்கையை அனுப்ப முடியும் என்பதால், அதையும் நீக்கினோம்.

இனி வேறு எதைச் சோதிக்க வேண்டும்? பிறர் நமக்குப் பரிமாற்றக் கோரிக்கை அனுப்பப் பயன்படும் இணைப்பு முகவரியையும் புதிதாக மாற்றுவது அவசியமா? அந்த நண்பரின் கணக்கு இன்னமும் மோசடிக்காரரிடமே இருப்பதால், பழைய ரசீதுகளைத் தவிர எந்தச் சான்றுகளைக் கொடுத்து அவர் அதை மீட்கலாம் என்பதையும், இதைக் கடந்துவந்தவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள்.