செல்லூர் வீடு: பாப்பாவும் சனிக்கிழமை மின்தடையும்

வியாழன்

மலர் (காலை 6.40): பாப்பா வீட்டுக்கு வந்து இன்றோடு 5 நாள். ஒவ்வொருவரிடமும் போனில் பேச முடியவில்லை, அதனால் நம் குடும்ப குரூப்பிலேயே எழுதுகிறேன், யாரும் வருத்தப்பட வேண்டாம். 29 வாரத்தில் 1150 கிராமோடு பிறந்தவள், 68 நாள் ஐசியூவில் இருந்துவிட்டு இப்போது 2 கிலோ 100 கிராம். நுரையீரல் இன்னும் தேறவில்லை. மூக்கில் மெல்லிய குழாய் வைத்து நிமிடத்துக்குக் கால் லிட்டர் ஆக்சிஜன் ஓடிக்கொண்டே இருக்கிறது. சளி, இருமல் இருப்பவர்கள் தயவுசெய்து முழுசாகக் குணமான பிறகு வாருங்கள்.

செல்வி அத்தை (காலை 7.15): ஏம்மா, அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க உசிலம்பட்டியிலிருந்து 11 பேர் வேனில் வருகிறோம். ஆற்றிலிருந்து செல்லூர் எட்டும் தூரம்தானே, அப்படியே பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று இருந்தோமே. மோதிரம்கூட எடுத்துவிட்டேன்.

மலர் (காலை 7.22): அத்தை, நீங்கள் வராமல் வேறு யார் வருவார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில் தண்ணீர் பீய்ச்சி நனைந்து, புழுதியில் நின்றுவிட்டு நேரே இவள் அறைக்குள் வர வேண்டாம். நமக்கு மூக்கொழுகலோடு போகிற சளி இவளைத் திரும்பவும் வென்டிலேட்டரில் படுக்க வைத்துவிடும். நீங்கள் மட்டும் அடுத்த வாரம் வாருங்கள். கை கழுவிவிட்டு மடியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்திருங்கள். முத்தம் மட்டும் கொடுக்காதீர்கள்.

செல்வி அத்தை (காலை 7.30): சரிம்மா. வேனில் வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். பிள்ளைதான் முக்கியம்.

தமிழ் (காலை 8.05): மலர் அக்கா, அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதச் சொல்கிறது. அது சொல்கிறபடியே எழுதுகிறேன்: "நாளைக்கு ஆனையூரிலிருந்து சாம்பிராணிக் கரண்டியோடு வருகிறேன். தலைக்கு ஊற்றி புகை காட்டாமல் பச்சைப்பிள்ளைக்குச் சளி எப்படி அறும்? உன் அப்பன், சித்தப்பன், அத்தை மூன்று பேரையும் காலில் போட்டுக் குளிப்பாட்டி, மூக்கு ஊதி வளர்த்தவள் நான். அந்த அறைக்குள் எனக்கு வேலை இல்லை என்றால் சொல்லிவிடு."

மலர் (காலை 8.11): மதினி, நீங்கள் சொல்லுங்கள். நான் சொன்னால் அழுகை வந்துவிடும்.

கவிதா மதினி (காலை 9.48): இப்போதுதான் டியூட்டி முடிந்தது. அப்பத்தாவுக்கு நிதானமாகப் படித்துக் காட்டு தமிழ். நம் நுரையீரலுக்குள் இருக்கும் காற்றுப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே வழவழவென்று ஒரு படலம் இருக்கும், சர்ஃபாக்டன்ட் என்பார்கள். வயிற்றுக்குள் 34, 35 வாரம் வாக்கில்தான் அது போதுமான அளவு ஊறும், இவள் 29இல் வந்துவிட்டாள். அதனால் அதையே மருந்தாக மூச்சுக்குழாயில் விட்டார்கள், அப்புறம் மெஷின் வைத்துக் காற்று தள்ளினார்கள். அந்தக் காற்றுதான் உயிரைப் பிடித்து வைத்தது, அந்தப் பிஞ்சு நுரையீரலைக் கொஞ்சம் புண்ணாக்கியதும் அதே காற்றுதான். இப்போது உள்ளே ஆறிக்கொண்டிருக்கிறது. புண் மேல் புகை போகலாமா, நீங்களே சொல்லுங்கள் அப்பத்தா. சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்தி, மிளகாய் தாளிக்கிற நெடி எதுவும் அந்தப் பக்கம் வரக் கூடாது. இன்னொன்று, ஆக்சிஜன் ஓடுகிற அறையில் ஒரு கங்கு இருந்தாலும் குப்பென்று பிடித்துக்கொள்ளும், சாமி விளக்கையே அடுத்த அறைக்கு மாற்றியாகிவிட்டது. மூக்கு ஊதுவது, எண்ணெய் விடுவது அறவே கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும்.

கவிதா மதினி (காலை 9.55): வேலை இல்லை என்று யார் சொன்னது. பாப்பாவுக்கு டயபரும் குல்லாவும் மட்டும் போட்டு, வெறும் உடம்போடு உங்கள் நெஞ்சில் குப்புறப் படுக்க வைத்து, முகம் ஒரு பக்கம் திரும்பி இருக்கிற மாதிரி பார்த்து, மேலே சேலையைச் சுற்றிக்கொள்ள வேண்டும். கங்காரு முறை என்று பெயர். கொலம்பியாவில் பொகோட்டா நகரத்தில் இன்குபேட்டர் பற்றாமல் போனபோது 1978இல் ஆரம்பித்தது, இப்போது உலக சுகாதார நிறுவனமே ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல் செய்யச் சொல்கிறது. மலர் ஒருத்தியால் 8 மணி நேரம் முடியாது. அவள் தூங்கி எத்தனை நாள் ஆகிறது தெரியுமா?

தமிழ் (காலை 10.20): அப்பத்தா ஒன்றும் பேசவில்லை. கரண்டியைப் பையிலிருந்து எடுத்து அடுப்படியில் வைத்துவிட்டது. "பிள்ளையைச் சேலைக்குள் வைத்தால் குழாய் இடுக்கிக்கொள்ளாதா?" என்று கேட்கிறது.

மலர் (காலை 10.23): குழாயை நான் பார்த்துக்கொள்கிறேன். அப்பத்தா வரட்டும்.

வெள்ளி

முருகேசன் சித்தப்பா (காலை 6.10): ராத்திரி 2 மணிக்கு அண்ணன் போன் பண்ணினார், நான் எடுக்கவில்லை. என்ன ஆச்சு?

மலர் (காலை 6.35): ஒன்றும் இல்லை சித்தப்பா, இப்போது நன்றாக இருக்கிறாள். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கக் காலில் கட்டுகிற ஆக்சிமீட்டர் 71 காட்டிக் கத்தியது. 92க்கு மேல் இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள், அப்பா பதறி உங்களுக்கு அடித்துவிட்டார். நான் லைட்டைப் போட்டு முதலில் அவள் உதட்டைப் பார்த்தேன், ரோஸ் நிறமாகத்தான் இருந்தது. சட்டையைத் தூக்கினால் நெஞ்சு ஒரே சீராக ஏறி இறங்குகிறது. காலைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது, பட்டையும் நழுவியிருக்கிறது. பாதத்தை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கித் திரும்பக் கட்டினேன், 95 வந்தது. ஆனால் அந்த ஒரு நிமிடம் என் கைதான் நிற்கவில்லை.

மலர் (காலை 6.44): வீட்டில் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்பவர்களுக்காக இதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். தூங்கும்போது 5, 6 நொடி மூச்சை நிறுத்திவிட்டு அப்புறம் மடமடவென்று விடுவாள், இந்த வயதில் அது இருக்குமாம். 20 நொடி தாண்டினாலோ, அதற்குள்ளேயே நிறம் மாறினாலோ உள்ளங்காலையும் முதுகையும் தேய்த்துவிட வேண்டும், தூக்கிக் குலுக்கக் கூடாது. அப்படியும் மூச்சு வராவிட்டால் வார்டில் பொம்மையில் பழக்கிய மாதிரி வாயும் மூக்கும் சேர்த்து மெல்ல ஊத வேண்டும், அதற்குள் இன்னொருவர் 108க்கு அடிக்க வேண்டும். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள், 60 வந்தால் இன்னொரு தடவை எண்ணுங்கள், திரும்பவும் 60 அல்லது அதற்கு மேல் என்றால் என்னை எழுப்பிவிடுங்கள், உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழுந்து இழுத்தாலோ, முனகினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ எண்ணிக்கொண்டிருக்காமல் கிளம்பிவிட வேண்டும். படுக்க வைத்தால் மல்லாக்கத்தான், தலையணை வேண்டாம்.

பாண்டி அண்ணன் (பகல் 12.15): நாளைக்கு நம் பக்கம் காலை 9 முதல் மாலை 5 வரை பராமரிப்பு மின்தடை, பேப்பரில் போட்டிருக்கிறான்!! ஆக்சிஜன் மெஷின் 350 வாட் இழுக்கிறது, நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி பழசு, 3 மணி நேரம் தாங்கினாலே பெரிசு. நான் சிலிண்டர் எடுத்துவரப் போகிறேன்.

பாண்டி அண்ணன் (மாலை 4.30): பி டைப் சிலிண்டர் கிடைத்துவிட்டது. ஏறக்குறைய 1500 லிட்டர் பிடிக்குமாம். கால் லிட்டர் கணக்குக்கு 100 மணி நேரம் வரும், கவலையே இல்லை.

கவிதா மதினி (மாலை 4.38): ஆக்சிஜன் எவ்வளவு ஓடுகிறது என்று காட்டுகிற மீட்டரைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

பாண்டி அண்ணன் (மாலை 4.41): [படம்]

கவிதா மதினி (மாலை 4.43): இது பெரியவர்களுக்கானது. 1 லிட்டரிலிருந்து 15 வரைதான் கோடு இருக்கிறது, கால் லிட்டரை இதில் எப்படி வைப்பீர்கள்? குத்துமதிப்பாகத் திறந்துவிடவே கூடாது. ஆக்சிஜன் குறைந்தால் எவ்வளவு ஆபத்தோ, இவளுக்குத் தேவைக்கு மேல் போனாலும் ஆபத்துதான், விழித்திரையில் ரத்தக்குழாய் தாறுமாறாக வளரும். 34 வாரத்துக்கு முன்னால் பிறந்த குழந்தைகளுக்கு 30 நாளுக்குள் கண் பரிசோதனை செய்வதே அதற்குத்தான். 1 லிட்டருக்குள் சின்னச் சின்னக் கோடு போட்ட குழந்தை மீட்டர் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

பாண்டி அண்ணன் (மாலை 4.50): கடைக்காரர் எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லித்தானே கொடுத்தார். நல்லவேளை கேட்டாய். கடை அடைப்பதற்குள் போகிறேன்.

பாண்டி அண்ணன் (இரவு 8.20): மூன்று கடை ஏறி இறங்கி நாலாவது கடையில் கிடைத்தது. வாங்கிவிட்டேன்.

சனி

மலர் (காலை 9.04): கரண்ட் போய்விட்டது. சிலிண்டருக்கு மாற்றியாகிவிட்டது. 94.

மலர் (காலை 11.30): 93, 94. வெக்கை தாங்கவில்லை, ஜன்னலில் ஈரத்துணி கட்டியிருக்கிறோம். பாலாடையில் 20 மில்லி குடித்துவிட்டு மூச்சு வாங்கினாள். கொஞ்சம் நிறுத்தி நிமிர்த்திப் பிடித்து, ஓய்வு கொடுத்து மீதி 15 மில்லியைக் கொடுத்தோம்.

செல்வி அத்தை (பகல் 12.02): அம்மா என்ன செய்கிறது?

மலர் (பகல் 12.10): அப்பத்தா 9 மணிக்குப் பாப்பாவைச் சேலைக்குள் வாங்கியது, பால் கொடுக்க மட்டும்தான் வெளியே விட்டது. அதற்கு வியர்த்துக் கொட்டுகிறது, விசிறியைத் தன் பக்கம் காட்டாமல் பிள்ளைக்கும் நேரே படாமல் சுவர்ப் பக்கம் வீசிக்கொண்டே இருக்கிறது. நடுநடுவே பாப்பா முதுகைத் தொட்டுப் பார்த்து, சூடு ஏறினால் சேலையைத் தளர்த்திவிடுகிறது, நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை. நான் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டேன் அத்தை. பிள்ளை பிறந்ததிலிருந்து பகலில் தூங்கியது இன்றுதான்.

மலர் (மாலை 5.25): கரண்ட் வந்துவிட்டது. மெஷினுக்கு மாற்றிவிட்டோம். 95.

முருகேசன் சித்தப்பா (மாலை 5.27): அப்பாடா. கள்ளழகா.

மலர் (மாலை 6.10): புதன்கிழமை காலை அரவிந்தில் கண் பரிசோதனை. யார் காரை எடுத்து வருகிறீர்கள்?

பாண்டி அண்ணன் (மாலை 6.12): நான்தான். 7 மணிக்கு வாசலில் நிற்பேன். சிலிண்டரை உருளாமல் கட்ட பெல்ட் வாங்கிவிட்டேன்.

தமிழ் (மாலை 6.20): அக்கா, அங்கே அப்பத்தா போனை வாங்கி எனக்குக் கூப்பிட்டது. காரில் அதற்கு எந்த இடம் என்று உன்னிடம் கேட்கச் சொல்கிறது.

மலர் (மாலை 6.21): பின் சீட்டில், என் பக்கத்தில்.