மேய்ப்பர் என்னை மெதுவாய் நடத்தினார்: பினாங்கு சகோதரர் சகோதரிகளின் சாட்சிகள்

ஆயர் ஈத்தாம் சகோதரி:

ஸ்தோத்திரம். ஆண்டவர் மேய்ப்பராக நடத்திய அனுபவத்தை எழுதச் சொன்னால் பலரும் 23ஆம் சங்கீதத்தைத்தான் எடுப்பார்கள். ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்ததில் இன்றைக்கும் தடுமாறாமல் வருவது எனக்கும் அதுதான். ஆனால் என்னைத் தாங்கிய வசனம் ஏசாயா 40:11.

2020 மார்ச் 18ஆம் தேதி கொரோனாவுக்காக மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. அதே வாரத்தில் என் மூத்த மகள் பிறந்தாள். பத்தியம் பார்க்க சுங்கைப்பட்டாணியிலிருந்து அம்மா வருவதாக இருந்தது. மாநில எல்லை தாண்டக்கூடாது என்றாகிவிட்டதால் அவரால் வர முடியவில்லை. கணவருக்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. அனுமதிக் கடிதம் கொடுத்துக் கூப்பிட்டுக்கொண்டார்கள். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். அடுக்குமாடி வீட்டில் பகல் முழுக்க நானும் பிள்ளையும்தான்.

பால் சரியாக ஊறவில்லை. பிள்ளை அழுவாள், நானும் அழுவேன். ஜெபிக்க முழங்கால் போட்டால் வார்த்தை வராது. ஏப்ரல் 12ஆம் தேதி ஈஸ்டர் ஆராதனையைக் கைப்பேசியில் போட்டேன், பாதியில் அணைத்துவிட்டேன். இரவில் பால்கனிக் கதவைத் திறக்கவே பயப்படும் நிலைக்கு வந்திருந்தேன். அதற்கு மேல் இங்கே எழுத வேண்டாம், தாய்மார்களுக்குப் புரியும்.

சபையார் அன்பானவர்கள். வாட்ஸ்அப்பில் நாள் தவறாமல் வசனம் வரும். பெரும்பாலும் ஏசாயா 40:31, கழுகுகளைப்போலச் செட்டைகளை அடித்து எழும்புவார்கள் என்பது. அனுப்பியவர்கள்மேல் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் அதைப் படிக்கும்போதெல்லாம், எழும்ப முடியாத நான் எந்தக் கணக்கில் சேர்த்தி என்றுதான் தோன்றும்.

பக்கத்து புளோக்கில் எங்கள் சபை ஆன்ட்டி ஒருவர் இருக்கிறார். அந்தக் காலத்தில் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஆயாவாக வேலை பார்த்தவர், பிரசவம் நிறையப் பார்த்தவர். மதியம் கதவருகே தூக்குச்சட்டியை வைத்துவிட்டு, தள்ளிப் போய் நின்றுகொண்டு கூப்பிடுவார். மேல்தட்டில் சுறாப்புட்டு, கீழே பூண்டுக் குழம்பு. மூடி கழன்றுவிடாமல் இருக்க ரப்பர் பேண்ட் போட்டிருப்பார். திறந்ததும் பூண்டும் மிளகும் வீடு முழுக்க மணக்கும். “ஆன்ட்டி, எனக்கு ஜெபமே வரமாட்டேங்குது” என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். “முதல்ல சாப்பிடு தாயி. ஜெபத்தை இப்போதைக்கு நான் பண்றேன்” என்றார். பிறகு முகக்கவசத்தோடு, கிரில் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, பெரிய எழுத்து வேதாகமத்திலிருந்து வாசித்தார்: “மேய்ப்பனைப்போலத் தமது மந்தையை மேய்ப்பார், ஆட்டுக்குட்டிகளைத் தமது புயத்தினால் சேர்த்து, தமது மடியிலே சுமந்து, கறவலாடுகளை மெதுவாய் நடத்துவார்.”

குட்டியைத் தூக்கிக்கொள்கிறார். பால் கொடுக்கும் தாயாட்டைத் திட்டவில்லை, விரட்டவில்லை. அதன் நடைக்குத் தம் நடையைக் குறைத்துக்கொள்கிறார். கழுகு வசனம் இருக்கும் அதே அதிகாரத்தில், அதற்கு இருபது வசனம் முன்னாலேயே இது இருக்கிறது. “என் ஜனத்தை ஆற்றுங்கள், தேற்றுங்கள்” என்று தொடங்கும் அதிகாரம் அது. தேசத்தை இழந்து பாபிலோனுக்குப் போன ஜனத்துக்குச் சொன்ன ஆறுதல். செட்டையடித்து எழும்பும் நாள் வரும்வரை என்னைப் போன்றவர்களை அவர் எப்படிக் கூட்டிக்கொண்டு போகிறார் என்பது அங்கேயே எழுதியிருக்கிறது. அன்றைக்கு நான் அழுதது வேறு அழுகை.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வரும் கிளினிக் தாதியிடம் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல்லச் சொன்னவரும் ஆன்ட்டிதான். சொன்னேன். டாக்டரைப் பார்த்தேன், சில மாதங்கள் மருந்து எடுத்தேன். மருந்து எடுத்தால் விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். எலும்பு முறிந்ததைக் காயங்கட்டுவேன் என்று எசேக்கியேல் 34இல் சொல்கிற மேய்ப்பர், கட்டுப்போடும் கைகளையும் அவரேதான் அனுப்புகிறார்.

நிபோங் திபால் அண்ணன்:

தங்கச்சி எழுதியதைப் படித்ததும் எங்கள் எஸ்டேட்தான் ஞாபகம் வந்தது. அப்பா பால் எடுக்க ரப்பர் மரம் சீவினார், கூடவே ஆடும் வளர்த்தார். குட்டி போட்ட ஆட்டைச் சில நாள் மேய்ச்சலுக்கு ஓட்டவே மாட்டார். பலா இலை ஒடித்துவந்து கொட்டகையிலேயே கட்டுவார். வெளியே விட ஆரம்பித்த பிறகும் அவசரப்படுத்தினால் திட்டுத்தான் கிடைக்கும். ஏனென்றால் குட்டி பின்தங்கினால் தாய் திரும்பி ஓடும், அதைப் பார்த்து மற்றதெல்லாம் கலையும்.

ஆதியாகமம் 33ஐ எடுத்துப் பாருங்கள். யாக்கோபின் அண்ணன் ஏசா 400 பேரோடு வந்து, வா சேர்ந்து போகலாம் என்கிறான். யாக்கோபு ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் சின்னவர்கள், கறவலான ஆடுமாடுகள் இருக்கின்றன, ஒரு நாள் துரிதமாய் ஓட்டினாலும் மந்தையெல்லாம் மாண்டுபோகும், அவைகளின் நடைக்குத் தக்கபடி மெதுவாய் வருகிறேன் என்கிறான். ஆட்டோடு வாழ்ந்தவன் பேசுகிற பேச்சு அது.

என் சாட்சி சின்னதுதான். மனைவி இறந்த பிறகு பல மாதம் நான் கோயில் பக்கம் போகவில்லை. அவள் உட்கார்ந்த பெஞ்சைப் பார்க்க முடியாது. பாஸ்டர் அவ்வப்போது சாயங்காலம் வீட்டுக்கு வருவார். வீட்டு முன்னால் அஞ்சடித் திண்ணையில் உட்கார்ந்து கோப்பி குடிப்பார், உரம் விலை பேசுவார், போகும்போது தோளில் கை வைத்து இரண்டு வரி ஜெபிப்பார். எப்போது ஆராதனைக்கு வருகிறீர்கள் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இன்னும் தள்ளித்தான் போயிருப்பேன். இப்போது காணிக்கை எண்ணுகிற வேலை என்னுடையது.

பட்டர்வொர்த் தம்பி:

அக்கா, அண்ணே, இரண்டையும் வேலை இடைவேளையில் படித்தேன். மேய்ப்பர் மெதுவாக நடப்பார் என்பதற்கு நீங்கள் சாட்சி. எங்கள் வீட்டில் இன்னும் தேடிக்கொண்டே இருக்கிறோம்.

எங்கள் அண்ணன் போதைப்பழக்கத்தில் வீட்டை விட்டுப் போய்விட்டார். ஜார்ஜ்டவுனில்தான் எங்கேயோ இருக்கிறார். அப்பா சனிக்கிழமை சாயங்காலம் ஃபெரி ஏறி, பெங்காலான் வெல்ட் படகுத்துறையில் இறங்கி, லெபோ சூலியா தெரு வழியாக கொம்தார் கட்டடம்வரை நடப்பார். தெருவில் படுத்திருப்பவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கிற குழுவோடு சேர்ந்து பொட்டலம் கொடுத்துக்கொண்டே ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். லூக்கா 15இல் அந்த மேய்ப்பன் தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு, காணாமற்போனதைக் கண்டுபிடிக்கும் மட்டும் தேடுகிறான் என்றுதான் இருக்கிறது. எத்தனை நாள் என்று இயேசு சொல்லவில்லை. அப்பா அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

போன தீபாவளி சமயத்தில் ஒருநாள் அண்ணன் கண்ணில் பட்டார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். “அம்மா கால் எப்படி இருக்கு?” என்று கேட்டார். வீட்டுக்கு வா என்று அப்பா கூப்பிடவில்லை. அம்மாவின் புண் ஆறி வருவதை மட்டும் சொன்னார். அண்ணன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். ஏன் கையைப் பிடித்து இழுத்துவரவில்லை என்று அப்பாவிடம் அன்றைக்கு நான் சண்டையே போட்டேன். அவர் எனக்கு அப்போது பதில் சொல்லவில்லை. யாக்கோபு ஏசாவிடம் சொன்னதைப் படித்தபோதுதான் பதில் கிடைத்தது, அண்ணே.

இந்த வாரம் அப்பாவுக்கு முட்டிவலி அதிகம். சனிக்கிழமை நான் போகிறேன். கொஞ்சம் ஜெபித்துக்கொள்ளுங்கள்.